சொந்தமாக எழுதச் சொன்னால் பேனாவை மூடிவிடுகிறார்கள் – 8ஆம் வகுப்புத் தமிழ்

கேள்வி: கரிசல் தமிழம்மா

எல்லோருக்கும் வணக்கம்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து இது இரண்டாவது வருஷம். 8ஆம் வகுப்பில் 34 பிள்ளைகள். பாதிப் பேருடைய அம்மாக்கள் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கப் போகிறவர்கள். விடியும் முன்பே வேன் வந்துவிடும். தம்பி தங்கையை எழுப்பித் தலை சீவிச் சோறு போட்டுப் பள்ளிக்குக் கூட்டி வருவது இந்தப் பிள்ளைகள்தான். விவரமானவர்கள். வாயைத் திறந்தால் ஊர்க்கதை அத்தனையும் வரும்.

நோட்டைத் திறந்தால்தான் ஒன்றும் வருவதில்லை.

போன வாரம் 'மரம் வளர்ப்போம்' கட்டுரை. எல்லா நோட்டிலும் ஒரே முன்னுரை, ஒரே துணைத்தலைப்புகள், ஒரே முடிவுரை. உரைநூலில் ஓர் இடத்தில் அச்சுப்பிழை இருக்கிறது. அந்தப் பிழையையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள். எங்கள் பள்ளி வாசலில் ஒரு வேம்பு நிற்கிறது. தினமும் அதன் அடியில் உட்கார்ந்துதான் மதியச் சாப்பாடு. ஒரு நோட்டில்கூட அந்த மரம் இல்லை.

சரி என்று மறுநாள், "நேற்று உங்கள் வீட்டில் நடந்த ஒன்றை எழுதுங்கள், ஐந்து வரி போதும்" என்றேன். வகுப்பே அமைதியாகிவிட்டது. "முன்னுரை போடணுமா தமிழம்மா?" என்று ஒருத்தி கேட்டாள். "போர்டுல எழுதிப் போடுங்க, பாத்து எழுதிக்கிடுதோம்" என்றான் பின்வரிசைப் பையன் ஒருவன்.

அந்தப் பையனைப் பற்றித்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும். அன்று மதியம் அவன் வேப்பமரத்தடியில் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தான். முந்தின நாள் ராத்திரி அவர்கள் வீட்டு ஆடு குட்டி போட்ட கதை. ஏழெட்டுப் பேர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆடு எப்படிப் படுத்தது, எப்படி எழுந்து எழுந்து மண்ணைக் காலால் பறித்தது, குட்டிக்கு மூச்சு வராதபோது தாத்தா என்ன செய்தார், எல்லாம் கையசைவோடு சொன்னான். நானும் தள்ளி நின்று கேட்டேன். "இதையே எழுதிக்கொண்டு வாடா" என்றேன். எழுதிக்கொண்டு வந்தான்:

"ஆடு ஒரு வீட்டு விலங்கு. அது நமக்குப் பால் தரும். எங்கள் வீட்டில் ஆடு உள்ளது. அது குட்டி ஈன்றது. நாம் ஆடுகளைப் பாதுகாப்போம்."

இது அவன் நோட்டில் எப்படி இருந்தது என்றால், 'வீட்டு விளங்கு', 'பாள்', 'ஈண்றது'. இன்னும் ஒற்றுப்பிழைகள். ஐந்து வரியில் பதினொரு சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன். நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் அந்த வட்டங்களை விரலால் எண்ணியதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் எழுதச் சொன்னால் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்க்கிறான்.

அந்தக் கதையைப் பற்றி நான் அவனிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்பது அன்று ராத்திரிதான் எனக்கு உறைத்தது. அது மனசை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

பார்வைக்கு வருகிற அதிகாரிகள் கட்டுரை நோட்டில் சிவப்பு மை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். திருத்தாமல் விடவும் பயம். மரத்தடியில் பேசுகிற பிள்ளையை அப்படியே நோட்டுக்குள் கொண்டுவர என்ன வழி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: பென்சில் ஐயா

வணக்கம் டீச்சர். 31 வருஷம் தமிழ் எடுத்து ஓய்வு பெற்றவன். உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். பதினொரு வட்டம் என்று எண்ணிச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த மாதிரி எத்தனை நோட்டு நான் திருத்தியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது.

முதலில் ஒன்று. "ஆடு ஒரு வீட்டு விலங்கு" என்பது அவனுக்கு எழுத வராததால் எழுதியது இல்லை. எழுத்து என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஏழு வருஷமாக நாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அதை அவன் ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்கிறான். அவன் பேசுகிற தமிழ் வேறு, நோட்டுத் தமிழ் வேறு. மரத்தடியில் சொன்ன கதையை நோட்டுத் தமிழுக்கு மாற்றும்போது மாற்றத் தெரிந்தது மட்டும் வந்தது. மாற்றத் தெரியாததெல்லாம் விழுந்துவிட்டது. ராத்திரி விழுந்துவிட்டது, தாத்தா விழுந்துவிட்டார், குட்டியின் மூச்சு விழுந்துவிட்டது.

அதனால் முதல் வாரம் பேச்சிலேயே எழுதவிடுங்கள். பக்கத்துப் பிள்ளை ஒருவரை உட்கார வைத்து, இவன் சொல்லச் சொல்ல அப்படியே எழுதச் சொல்லுங்கள். 'வந்துட்டு', 'கெடந்துச்சு' என்று எப்படி வருகிறதோ அப்படியே. எழுதி முடித்ததும் அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். தன் பேச்சு காகிதத்தில் கிடப்பதைப் பார்த்ததும் முகம் மாறும். மறுநாள் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுத்துத் தமிழுக்கு மாற்றட்டும். கதைக்குள் தாத்தாவோ வேறு யாரோ பேசுகிற வரி மட்டும் பேச்சிலேயே இருக்கட்டும். ஊர்ச் சொல்லுக்கு இணையான சொல் இல்லையென்றால் ஊர்ச் சொல்லே இருக்கட்டும்.

உங்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. இடைசெவல் உங்களுக்குப் பக்கம்தானே. கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி இரண்டு பேரும் 1923இல் அந்த ஒரே ஊரில் பிறந்தவர்கள். இரண்டு பேருக்கும் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. கி.ரா. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர். அவர் கரிசல் சனங்களின் சொற்களைச் சேகரித்து அகராதியே போட்டார். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டுப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தது. உங்கள் பிள்ளைகள் வீட்டில் பேசுகிற சொல் அகராதியில் இருக்கிறது என்று எடுத்துக் காட்டுங்கள். நான் வேலை பார்த்தது தஞ்சாவூர்ப் பக்கம். எனக்கு இந்த வசதி இருக்கவில்லை.

அடுத்தது, என்ன கேட்கிறோம் என்பது. "வீட்டில் நடந்த ஒன்று" என்றால் பிள்ளைக்குப் பிடி கிடைக்காது. வீடு பெரிய சங்கதி. நான் கேட்டுக் கேட்டுக் குறுக்கிக்கொண்டே வந்தேன். உங்கள் வீட்டில் இன்று காலை முதலில் எழுந்தது யார், எழுந்ததும் அவர் கை தொட்ட முதல் பொருள் எது? இவ்வளவுதான் கேள்வி. இதற்கு எந்த உரைநூலிலும் விடை கிடையாது. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தும் எழுத முடியாது. வகுப்பில் அந்த விடை தெரிந்த ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான். ஆசிரியருக்கும் தெரியாது. தனக்குத் தெரிந்தது டீச்சருக்குத் தெரியாது என்று புரிகிறபோதுதான் பிள்ளைக்குச் சொல்ல ஆசை வருகிறது. மரம் வளர்ப்பதன் நன்மைகளை டீச்சருக்கே சொல்ல எந்தப் பிள்ளைக்கு ஆசை வரும்?

நீங்களும் எழுதுங்கள். கரும்பலகையில், அவர்கள் கண்முன்னால். ஒரு வரி எழுதி, "ம்ஹூம், இது சரியில்லை" என்று அடித்து, வேறு வரி எழுதுங்கள். அடித்து எழுதுவதைப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை டீச்சர். அச்சில் வருவது எல்லாம் முதல் தடவையிலேயே அப்படி வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடித்தால் மார்க் போய்விடும் என்று வேறு சொல்லி வைத்திருக்கிறோம். நான் நோட்டின் இடப்பக்கத்தை அடிக்கிற பக்கம் என்றும் வலப்பக்கத்தை நல்ல பக்கம் என்றும் பிரித்துவிட்டேன். இடப்பக்கம் எவ்வளவு அலங்கோலமாக இருந்தாலும் நான் கேட்க மாட்டேன்.

இப்போது பென்சில். என் பெயர்க் காரணமே அதுதான்.

ஒரு வருஷம் என் வகுப்பில் ஒரு பெண் எழுதினாள்: "நான் பல்லிக்குப் போகும்போது எங்கள் அப்பத்தா வாசலில் நிற்பார்கள்." நான் 'பல்லி'யைச் சிவப்பில் வட்டமிடப் போனேன். அன்று என் சிவப்புப் பேனா எழுதவில்லை. மேசையில் பென்சில் கிடந்தது. எடுத்தேன். என்னவோ தோன்றி, பிழையை விட்டுவிட்டு ஓரத்தில், "அப்பத்தா எதற்காக வாசலில் நிற்கிறார்கள்?" என்று எழுதினேன். மறுநாள் நோட்டு திரும்பி வந்தது. அப்பத்தாவுக்குக் கண் தெரியாது, அவளுடைய செருப்புச் சத்தம் தெருமுனை திரும்புகிற வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள் என்று இரண்டு வரி எழுதியிருந்தாள். அந்த இரண்டு வரியிலும் 'பல்லி' இருந்தது. நான் அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதிலிருந்து ஒரு நோட்டுக்கு ஒரு கேள்வி. பென்சிலில். வாசிக்கும்போது எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ளத் தோன்றிய இடத்தில் மட்டும். சும்மா கேட்கிற கேள்வியைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்கள் பையனுடைய ஆட்டுக் கதையில் நான் கேட்டிருந்தால், "ராத்திரியில் வெளிச்சத்துக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டிருப்பேன்.

நேரம் இல்லை என்பீர்கள். 34 நோட்டையும் ஒரே நாளில் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு 7 நோட்டு, ஐந்து நாளில் முடிந்துவிடும். ஒரு நோட்டுக்கு மூன்று நிமிஷம்.

பிழையை விட்டுவிடச் சொல்லவில்லை. நான் தமிழாசிரியன், எனக்கும் பல்லி பல்லிதான், பள்ளி பள்ளிதான். வாரத்துக்கு ஒரு பிழை எடுத்துக்கொள்வேன். இந்த வாரம் ல, ள, ழ மட்டும். எல்லோருடைய நோட்டிலிருந்தும் பத்துச் சொல் பொறுக்கிப் பலகையில் போடுவேன், யாருடையது என்று சொல்ல மாட்டேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத் திருத்துவோம். அந்த வாரம் ஒற்று மிகாத இடத்தில் மிகுந்தாலும் கண்டுகொள்ள மாட்டேன். பதினொரு பிழையை ஒரே நாளில் காட்டினால் பிள்ளை ஒன்றைக்கூடக் கற்றுக்கொள்ளாது. அந்த எண்ணிக்கைதான் மனசில் நிற்கும்.

பார்வைக்கு வருகிறவர்களுக்காக வலப்பக்கத்து நல்ல பிரதியில் சிவப்பில் கையெழுத்துப் போடுங்கள், போதும்.

பதில் 2: பத்தாம் வகுப்பு சார்

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் நான் பத்தாம் வகுப்பில் நிற்கிறவன், என் கவலை வேறு. தேர்வில் 8 மதிப்பெண் வினா மூன்று. 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று படம் கொடுத்து 5 மதிப்பெண். எங்கள் பிள்ளைகளில் பலர் அவர்கள் வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பு எழுதுகிறவர்கள். அவர்களிடம் "உன் மனசில் தோன்றுவதை எழுது" என்று சொல்லி அனுப்பிவிட்டுத் தேர்ச்சி போனால் யார் பொறுப்பு? அதனால்தான் சட்டகம் கொடுக்கிறோம், துணைத்தலைப்புகளை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். சட்டகத்தைக் கேவலமாகப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. பயந்த பிள்ளைக்கு அது பிடித்துக்கொண்டு நடக்க ஒரு சுவர்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் படக் கேள்விக்கு, எந்தப் படம் வந்தாலும் பொருந்துகிற மாதிரி ஒரே கவிதையைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். மாதிரித் தேர்வில் ஏர் உழுகிற படம் கொடுத்தேன். விடைத்தாளில் வரிசையாக அதே கவிதை. ஏர் இல்லை, மாடு இல்லை, உழுகிற ஆள் இல்லை. படத்தைப் பார்க்காமலே எழுதியிருக்கிறார்கள். அந்த மாடுகளை வீட்டில் வைத்திருந்த பிள்ளையும் அதைத்தான் எழுதியது. அன்று எனக்கு வருத்தமாகிவிட்டது.

இப்போது நான் வரிசையை மாற்றியிருக்கிறேன். முதலில் படத்தில் தெரிகிற பத்துப் பொருளை எழுதச் சொல்கிறேன். அப்புறம் அவற்றில் ஏதாவது ஒன்றைப் பற்றி மூன்று வரி. எழுதி முடித்த பிறகுதான் முன்னுரை, முடிவுரை, தலைப்பு. சட்டகம் கடைசியில் வருகிறது. மனப்பாடம் ஏறாத பிள்ளைகள் முன்பு அந்த இடத்தை வெறுமையாக விடுவார்கள், இப்போது ஏதாவது எழுதுகிறார்கள். டீச்சர், 8ஆம் வகுப்பில் நீங்கள் இந்தப் பழக்கத்தைக் கொடுத்து அனுப்பினால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

பதில் 3: நூலக அக்கா

நான் ஆசிரியை இல்லை. ஊர்ப்புற நூலகத்தில் இருக்கிறேன். சனிக்கிழமை பிள்ளைகள் வருவார்கள், அவர்களோடு எழுதிப் பார்த்த அனுபவம்தான்.

தனியாக எழுத முடியாத பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். எழுத்துக் கூட்டவே சிரமப்படுவார்கள். அவர்களை விட்டுவிடாமல் எல்லோரும் சேர்ந்து எழுத ஒரு வழி உண்டு. இத்தாலியில் ஃபுளோரன்ஸுக்கு வடக்கே பார்பியானா என்றொரு மலைக் குக்கிராமம். லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் 1954இல் அங்கே அனுப்பப்பட்டார். பள்ளியில் தோற்று வெளியேறிய விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அங்கே பாடம் நடத்தினார். அவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து, தங்களைத் தோற்கடித்த பள்ளிமுறையைக் கேள்வி கேட்டு 1967இல் ஒரு புத்தகமே எழுதினார்கள். எழுதிய முறைதான் நமக்கு வேண்டியது. ஒவ்வொருவரும் சட்டைப் பையில் சின்ன நோட்டு வைத்துக்கொள்வார்கள். தோன்றுவதை அவ்வப்போது குறிப்பார்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரு விஷயம்தான். பிறகு எல்லாத் துண்டுகளையும் மேசையில் கொட்டி, ஒரே மாதிரி இருப்பதை எடுத்துவிட்டு, சேர்கிறவற்றைக் குவியலாக்குவார்கள். ஒரு குவியல் ஓர் அத்தியாயம். அப்புறம் உரக்க வாசித்து, வேண்டாத சொல்லைத் தூக்குவார்கள்.

நான் இதை மேசை இல்லாமல் தரையில் செய்தேன். பழைய நாள்காட்டித் தாள்களை நாலாகக் கிழித்து ஆளுக்கு ஐந்து. விஷயம்: எங்கள் ஊர்க் கண்மாய். ஒரு சிறுமிக்கு ஒரு வரி எழுத ஐந்து நிமிஷம் ஆகும். அவள் எழுதிய துண்டு: "கம்மா வத்துனா அங்க ஒரு கல்லு தெரியும்." யாருடைய துண்டிலும் அது இல்லை. அதை வைத்துத்தான் தொடங்க வேண்டும் என்று மற்ற பிள்ளைகளே சொன்னார்கள். அந்தச் சிறுமி அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை.

இன்னொன்று, எழுதியது எங்காவது போய்ச் சேர வேண்டும். நோட்டிலேயே கிடந்தால் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். பார்பியானாவில்கூட வேறோர் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதத் தொடங்கித்தான் இந்தச் சேர்ந்து எழுதும் வழக்கம் வந்தது. அஞ்சல் அட்டை 50 காசுதான். உங்கள் 34 பேருக்கும் 17 ரூபாய். கடலோரத்தில் ஒரு பள்ளி, மலையில் ஒரு பள்ளி என்று தெரிந்த டீச்சர் யாராவது இருந்தால் அந்த வகுப்புக்கு எழுதச் சொல்லுங்கள். தீப்பெட்டி எப்படிச் செய்வார்கள் என்று மலைப் பிள்ளைக்குத் தெரியாது, அதனால் இவர்களுக்குச் சொல்ல விஷயம் இருக்கும். பதில் அட்டை வருகிற அன்றைக்கு வகுப்பைப் பாருங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 'தேன்சிட்டு' இதழும் 6 முதல் 9 வரை படிக்கிற பிள்ளைகளுக்காகவே வருவது. பிள்ளைகள் எழுதியதையும் அதற்கு அனுப்பிப் பாருங்கள்.

போட்டி மட்டும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். போட்டி என்று சொன்ன உடனே அண்ணனும் பக்கத்து வீட்டு மாமாவும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பரிசு வாங்காத முப்பது பேரும் தங்களுக்கு எழுத வராது என்று முடிவு கட்டிக்கொள்கிறார்கள்.

கரிசல் தமிழம்மா (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

கேள்வியை ஐயா சொன்ன மாதிரியே குறுக்கினேன். காலையில் முதலில் எழுந்தவர், கை தொட்ட முதல் பொருள். 34 பேரில் 31 பேர் எழுதினார்கள். செல்போன் அலாரத்தை அமுக்கிய அம்மா பத்துப் பதினைந்து பேர். ஒருத்தி, "எங்க அம்மா மொதல்ல என் நெத்தியத் தொட்டுப் பாத்தாங்க. எனக்குக் காய்ச்ச. அப்பறம் வேனு ஆரன் அடிச்சிட்டு" என்று எழுதியிருந்தாள். பென்சிலில் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. "அம்மா போனார்களா?" என்று மட்டும் எழுதினேன். "போனாங்க. பத்து மணிக்குப் போன் பண்ணி கஞ்சி குடிச்சியான்னு கேட்டாங்க" என்று பதில் வந்தது.

பலகையில் நானும் எழுதினேன். இரண்டாவது வரியை நான் அடித்தபோது முன்வரிசைப் பிள்ளை ஒன்று, "அழிரப்பர் தரட்டுமா தமிழம்மா?" என்று எழுந்தே விட்டது. அடிக்கலாம் என்று சொல்லிப் புரியவைக்கவே அரைப் பாடவேளை போய்விட்டது.

அந்தப் பையன் முதல் வாரம் எழுதவில்லை. நான் கட்டாயப்படுத்தவில்லை. அவனுடைய பழைய பக்கத்தைத் திருப்பி, அந்தப் பதினொரு வட்டத்துக்கும் கீழே பென்சிலில், "ராத்திரியில் வெளிச்சத்துக்கு என்ன செய்தீர்கள்?" என்று எழுதிக் கொடுத்தேன். ஐயா, கேள்வி உங்களுடையது. இரண்டு நாள் கழித்து நோட்டை மேசையில் வைத்துவிட்டு ஓடிவிட்டான். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இங்கே போடுகிறேன். எழுத்துப்பிழையை மட்டும் திருத்தியிருக்கிறேன்.

"செல்லு லைட்ட நான்தான் பிடிச்சேன். சார்ஜு ஆறுதான் இருந்துச்சு. அணையுறதுக்குள்ள குட்டி வந்துறணும்னு சாமி கும்பிட்டேன். மொத குட்டி வந்துட்டு. ரெண்டாவது குட்டி வந்து அசையாமக் கெடந்துச்சு. தாத்தா ஒரு வைக்கோல எடுத்து அது மூக்குக்குள்ள விட்டாரு. தும்முனாத்தான் உசுருன்னாரு. அப்ப லைட்டு அணைஞ்சிட்டு. இருட்டுக்குள்ள தும்முற சத்தம் கேட்டுச்சு."

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், அவன் சம்மதித்த பிறகு, வகுப்பில் நான் வாசித்தேன். கடைசி வரி முடிந்ததும் ஒரு பிள்ளை, "அப்பறம்?" என்றது. அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அப்பறம் சீம்பால் குடிச்சுச்சு" என்றான். "அதையும் எழுதுடா" என்று அந்தப் பிள்ளையே சொன்னது. நான் சொல்லவில்லை.

பத்தாம் வகுப்பு சார், வேப்பமரத்தடியில் வைத்துப் பத்துப் பொருள் எழுதச் சொன்னேன். இனி அந்த மரம் கட்டுரையில் வரும். அக்கா, அட்டை வாங்கிவிட்டேன். நீலகிரியில் என்னோடு படித்த தோழி வேலை பார்க்கிறாள், அவள் வகுப்புக்கு எழுதப்போகிறோம்.

இப்போது வேறொரு சங்கதி. ஒரு பிள்ளை பக்கத்தை நாலாக மடித்து, ஊசி குத்தி மூடிக் கொடுத்திருந்தது. வீட்டில் ராத்திரி நடந்ததை எழுதியிருக்கிறது. இங்கே சொல்ல முடியாது. சொந்தமாக எழுது என்று கேட்டது நான்தான். வாசித்த பிறகு கை நடுங்கியது. பென்சிலை எடுக்கவே முடியவில்லை. ஐயா, இந்த மாதிரி வந்தால் என்ன செய்வீர்கள்?

பென்சில் ஐயா

டீச்சர், முதலில் அந்தப் பக்கத்தில் பிழை திருத்தாதீர்கள், கேள்வியும் எழுதாதீர்கள். 'வாசித்தேன்' என்று ஒரு சொல் மட்டும் எழுதுங்கள். நாளைக்கே அந்தப் பிள்ளையைத் தனியாகப் பாருங்கள். ஆசிரியர் அறை வேண்டாம். நாலு பேர் காதில் விழும். வேப்பமரத்தடியில் மற்றவர்கள் போன பிறகு பேசுங்கள். "இதை யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள். சொல்ல வேண்டி வரலாம். "உன்னைக் கேட்காமல் வகுப்பில் வாசிக்க மாட்டேன், உனக்கு உதவி தேவைப்பட்டால் நான் கூட வருவேன்" என்று சொல்லுங்கள்.

அடி, காயம், வேறு விதமான தொந்தரவு ஏதாவது எழுதியிருந்தால் தாமதிக்க வேண்டாம். 1098க்குப் பேசுங்கள், குழந்தைகளுக்கான உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள். தலைமையாசிரியர் காதிலும் போடுங்கள், மற்றவர்களிடம் வேண்டாம். அப்படி இல்லாமல் மனக்கஷ்டம் மட்டும் என்றால், கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்திருக்கும், அதற்கு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

வகுப்புக்குப் பொதுவாகவும் ஒன்று சொல்லிவிடுங்கள். மடித்துக் கொடுத்த பக்கம் டீச்சர் மட்டும் வாசிப்பது, மேலே கோடு போட்டுக் கொடுத்தால் டீச்சரும் வாசிக்கக் கூடாது. என் வகுப்பில் அப்படித்தான் வைத்திருந்தேன். கோடு போட்ட பக்கத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

பேசிவிட்டு நாளைக்கு இங்கே ஒரு வரி போடுங்கள். ராத்திரி பத்து மணி வரைக்கும் விழித்திருப்பேன்.